உள்பக்கப் பந்து

சனிக்கிழமை நடந்த மாநில பேஸ்பால் போட்டி ஆட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். எங்கள் ஊர் எல்ம்ஸ்டார்ஃபில் எந்தக் கடையில் ஏறிக் கேட்டாலும் ஒன்பது இன்னிங்ஸையும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார்கள், என்னவோ எல்லாப் பந்தையும் தாங்களே போட்ட மாதிரி. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய வியாழக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி. அன்று மைதானத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். கிளப் தலைவர் மெல்வின், புல் வெட்டும் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் நடந்ததை நடக்க விட்டிருக்க மாட்டார்.

என் கணவன் கர்ட்தான் எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சம்பளம் கிடையாது. அணியில் பாதிப் பேர் மாடு கறந்துவிட்டுச் சாணி பூட்ஸோடு வருகிறவர்கள், மீதிப் பேர் கூரை போடுகிறவர்கள். இரண்டு வருஷம் முன்புவரை கர்ட்டும் ஆடிக்கொண்டுதான் இருந்தான். நன்றாகவே ஆடினான். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊரான மார்ல் லேக்கோடு ஆட்டம். அவர்களுடைய பிட்சர் நோலன் ஹின்ஸ் போட்ட பந்து கர்ட்டின் முகத்தில் இறங்கியது. நான் மைதானத்து ஓரத்தில் கிளப் நடத்தும் ஹாம்பர்கர் கடைக்குள் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கறியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. மட்டையில் பட்டால் வருகிற சத்தம் எனக்குத் தெரியும், கையுறையில் விழுந்தால் வருகிற சத்தமும் தெரியும். இது இரண்டும் இல்லை.

இடது கண் போய்விட்டது. பால் டேங்கர் ஓட்டிக்கொண்டிருந்தவன் அதற்குப் பிறகு தீவன மில்லில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டி வரும் லாரிகளுக்கு எடை போடுகிறான். “இருக்கிற ஒரு கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், இன்னொன்று கிடையாது” என்றார் டாக்டர். அதற்காக உடையாத பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று கொடுத்தார். அவன் தூங்கும்போது மட்டும்தான் அதைக் கழற்ற விடுவேன்.

ஹின்ஸ் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே முகத்துக்குக் குறி வைத்தான் என்பது எங்கள் ஊர்த் தீர்ப்பு. அந்த ஆட்டத்தில்தான் கர்ட் அவன் பந்தை வேலிக்கு வெளியே சோளக் கொல்லையில் ஹோம் ரன்னாக அடித்துவிட்டு மெதுவாக, ரசித்து ரசித்து மைதானத்தைச் சுற்றி வந்திருந்தான். ஊர் சொன்னதை நானும் நம்பினேன். நம்பினேன் என்ன, சோறு தண்ணி மாதிரி அந்தக் கோபத்தில்தான் இரண்டு வருஷம் ஓட்டினேன்.

எங்கள் பக்கத்து ஆட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாநிலப் போட்டிக்குப் போகிற அணி, தோற்று வெளியேறிய அக்கம்பக்கத்து அணிகளிலிருந்து பிட்சர்களை இரவல் எடுத்துக்கொள்ளலாம். கோடை முழுக்க எவனைத் திட்டித் தீர்த்தோமோ அவனே ஆகஸ்டில் நம் சட்டையைப் போட்டுக்கொண்டு நமக்காகப் போடுவான். இந்த வருஷம் எங்கள் முக்கியப் பிட்சருக்கு முழங்கை வீங்கிவிட்டது. யாரை இரவல் எடுப்பது என்று பார் பின்அறையில் கூட்டம் போட்டார்கள். கர்ட் ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னானாம்.

“ஹின்ஸ்.”

“அந்தப் பய பேரச் சொன்னா எனக்கு பியர் உள்ள இறங்காது, கர்ட்,” என்றாராம் மெல்வின். “வேற யாரையாவது சொல்லு. கையில்லாதவனா இருந்தாலும் பரவால்ல.”

“அவனவிட நல்லா போடுறவன் இந்தச் சுத்து வட்டாரத்துல இருந்தா நீயே சொல்லு.”

இல்லாத ஆளை எங்கிருந்து சொல்வது?

இந்தச் செய்தி கர்ட் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவன் சாப்பிட உட்கார்ந்ததும் வேகவைத்த சோளத்தை அவன் தட்டில் நங்கென்று வைத்தேன்.

“ஊர்ல இருக்கிற பிட்சரெல்லாம் செத்துப் போயிட்டாங்களா?”

“ஜானெல், கொஞ்சம் கேளு.”

“கேக்கல. அவன் நம்ம சட்டையப் போட்டுக்கிட்டு வந்து நம்ம கடையில பர்கர் வாங்கித் தின்பான், நான் வெங்காயம் போடட்டுமான்னு கேக்கணும். அதானே?”

“வெங்காயம் போடாத. தெளிவா சொல்லிடு.” சிரிக்கப் பார்த்தான். நான் சிரிக்காததைப் பார்த்துச் சோளத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். “அவன்கிட்ட ஒரு கோளாறு இருக்கு. உனக்குத் தெரியாது. அந்த நாளுக்கப்புறம் அவன் உள்பக்கம் பந்தே போடுறதில்ல. ஒண்ணுகூட. நான் எண்ணிப் பாத்துட்டேன். எல்லாம் வெளிப்பக்கம்தான். மட்டக்காரனுங்க அத மோப்பம் புடிச்சிட்டானுங்க. தட்டு மேல சாஞ்சு நின்னுக்கிட்டு சாத்துறானுங்க. மார்ல் லேக் தோத்ததே அதனாலதான்.”

“நல்லா வேணும்.”

“சனிக்கிழம அவன் உள்பக்கம் போடலன்னா தோக்கப் போறது நாம.”

தட்டு என்பது தரையில் பதித்த வெள்ளைப் பலகை. அதன் பக்கத்தில் மட்டையாளன் நிற்கிறான் அல்லவா, அவன் உடம்பை ஒட்டி வருவதுதான் உள்பக்கப் பந்து, எட்டிப் போவது வெளிப்பக்கம். அது வரும் என்ற பயம் இருந்தால்தான் அவன் ஒழுங்காக எட்டி நிற்பான். பேஸ்பாலின் பாதி சூட்சுமம் இந்தப் பயம்தான். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெண்கள் சாஃப்ட்பால் அணியில் நான் பத்து வருஷம், மட்டையாளுக்குப் பின்னால் பந்து பிடிக்கிற கேட்சராகக் குந்தியிருந்தவள். இன்றைக்கும் மழைக்கு முன்னால் முட்டி சொல்லிவிடும்.

அதனால்தான் வியாழக்கிழமை கர்ட் கூப்பிட்டதும் போனேன். எங்கள் கேட்சர் ஜோயலுக்கு வைக்கோல் ஏற்றுகிற வேலை இருக்கிறதாம், ஹின்ஸுக்குக் கொஞ்சம் பந்து பிடிக்க ஆள் வேண்டுமாம். “அவன்கூடப் பேச மாட்டேன். பிடிப்பேன், திருப்பி எறிவேன், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுத்தான் கேட்சர் முகமூடியை எடுத்தேன். ஜோயலுக்கு அன்று வைக்கோல் வேலை எதுவும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஹின்ஸ் எங்கள் கறுப்புச் சட்டையும் மார்ல் லேக்கின் நீலத் தொப்பியுமாக நின்றான். இருபத்தைந்து வயசு இருக்கும். நான் இரண்டு வருஷமாக மனதுக்குள் வளர்த்து வைத்திருந்த ராட்சசன் இவனா என்று எனக்கே சப்பென்றாகிவிட்டது. ஒல்லியாக, காது மட்டும் பெரிதாக இருந்தான். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். நான் முகமூடியை இழுத்துவிட்டுக் குந்தினேன்.

பந்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. அருமையாகப் போட்டான். கையுறையை எங்கே வைக்கிறேனோ அங்கே வந்து விழுந்தது, கையை நகர்த்தவே வேண்டியிருக்கவில்லை. அவன் பார்ப்பது கையுறையை மட்டும்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. மோசமாகப் போட்டிருந்தால் வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

பந்து பிடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நிழல் விழுந்தது. திரும்பினால் கர்ட் மட்டையோடு நிற்கிறான். அதுவும் தட்டுக்கு அந்தப் பக்கம், இடக்கைக்காரர்கள் நிற்கிற இடத்தில்.

“நீ என்ன பண்ற?”

“எதிரணியில முதல் மூணு பேரும் இடக்கைக்காரனுங்க. அவனுக்குப் பழகணும்ல.”

“நீ இடக்கை கிடையாது.”

“இப்ப ஆயிட்டேன். வலது கண்ணுதானே தெரியுது? இந்தப் பக்கம் நின்னாத்தான் பந்து தெரியும்.”

அவன் சொன்னது சரிதான். இந்தப் பக்கம் நின்றால் வலது கண் பிட்சருக்கு நேராக முன்னால் வரும். மிச்சமிருக்கிற ஒரே கண். தலையில் ஹெல்மெட் போட்டிருந்தான். அவனுக்கு அடிபட்ட பிறகு கிளப் வாங்கிய, தாடையை மூடுகிற புது ஹெல்மெட். ஆனால் அதில் மூடி இருப்பது இடப்பக்கம். எங்கள் அணியில் இடக்கைக்காரன் ஒருத்தன்தான், அவன் தன் ஹெல்மெட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவான். ஆக, போன கண்ணுக்கு நல்ல பாதுகாப்பு. இருக்கிற கண்ணுக்கு அந்த பிளாஸ்டிக் கண்ணாடி.

நான் எழுந்து முகமூடியைக் கழற்றினேன். “மட்டையக் கீழ வை, கர்ட்.”

பிட்சர் நிற்கிற மேட்டிலிருந்து ஹின்ஸும் பார்த்துவிட்டான். கையுறையை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தான். “இல்ல. இது மட்டும் முடியாது. என்னால முடியாது.”

“எது முடியாது?” என்றான் கர்ட். “பந்து போடுறதா? அதுக்குத்தானே உன்னக் கூட்டிட்டு வந்தோம்? ஊரே வேண்டாம்னுது. நான் ஒருத்தன்தான் அவன்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்.”

“நீங்க நிக்காதீங்க. வேற யாரு வேணா நிக்கட்டும். போடுறேன்.”

“வேற யாரு நின்னாலும் நீ போடல. வருஷம் பூரா பாத்துட்டேன். உன் கண்ணுக்கு எல்லா மட்டக்காரனும் நானாத்தான் தெரியறேன். அப்ப நானே வந்து நிக்கறேன். இதுல என்ன?”

ஹின்ஸ் என் பக்கம் திரும்பினான். “நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பார்க்கிங் வரைக்கும் வந்தேன். இறங்க முடியல.”

“பார்க்கிங்ல யாருக்கும் கண்ணு போகல,” என்றேன்.

“ஜானெல்!”

“என்ன ஜானெல்? ரெண்டு வருஷமா அடக்கி வச்சது.”

“கை வழுக்கிடுச்சு,” என்றான் ஹின்ஸ், யாரையும் பார்க்காமல். “சத்தியமா வேணும்னு போடல. வியர்வை. கைய சரியா துடைக்கல. தப்பு என்னோடதுதான்.”

“அட, நீ என்னடா. நான்தான் சாஞ்சேன்,” என்றான் கர்ட். “வெளிப்பக்கம்தான் வரும்னு நெனச்சு முன்னாடி குனிஞ்சேன். பந்து வந்ததையே பாக்கல. அந்த ஹோம் ரன் அடிச்ச திமிரு.”

“நீங்க குனியல. நான் பாத்தேன்.”

“நீ என்னத்தப் பாத்த, என் மூஞ்சி எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?”

இரண்டு பேரும் ‘தப்பு என்னோடது, உன்னோடது இல்லை’ என்று சண்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். சூரியன் மூன்றாம் பேஸ் பக்கம் தானியக் கிடங்குக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு இரண்டு பேரையும் ஒரே மட்டையால் சாத்தலாம் போல இருந்தது. கர்ட் இந்தக் ‘குனிஞ்சேன்’ கதையை இரண்டு வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் யார்மேல் கோபப்படுவேன் என்று யோசித்திருப்பான்.

“பத்துப் பந்து,” என்றான் கர்ட். “அதுக்கு மேல கேக்க மாட்டேன். ஜானெல், உக்காரு.”

“என் கையால கிளவுஸ உள்பக்கம் வைக்க மாட்டேன்.”

“நீ வைக்கிற எடத்துலதான் அவன் போடுவான். அதான் ஜோயலக் கூப்பிடாம உன்னக் கூப்பிட்டேன்.” குரலைத் தாழ்த்தினான். “உன்ன நம்பித்தான் நிக்கறேன். எனக்கும் இது வேணும். தெனமும் எடை போடற மேடையில உக்காந்துக்கிட்டு, ஒரு லாரி கதவு படார்னு சாத்தினாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கறேன். நீ பாத்ததில்ல.”

பார்த்திருக்கிறேன். வீட்டிலும் அப்படித்தான். அலமாரிக் கதவை நான் மெதுவாகச் சாத்தப் பழகி ரொம்ப நாளாகிறது. அதைக்கூட அவன் கவனித்ததில்லை போலிருக்கிறது.

உட்கார்ந்தேன். கோபத்தோடுதான் உட்கார்ந்தேன்.

முதல் பந்துக்குக் கையுறையை நன்றாக வெளியே வைத்தேன். பந்து அங்கேயே வந்தது. கர்ட் திரும்பிப் பார்த்து முறைத்தான். அடுத்ததற்குத் தட்டின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஹின்ஸ் தலையாட்டினான், கையைச் சுழற்றினான், பந்து வெளிப்பக்கமே போனது. எட்டித்தான் பிடித்தேன். இத்தனை நேரம் கையுறைக்குள் அஞ்சல் பெட்டியில் போடுகிற மாதிரி போட்டவன்.

“யோவ் மார்ல் லேக்!” என்று கத்தினான் கர்ட். “உங்க ஊர்ல தட்டு அந்தப் பக்கமா இருக்கு?”

மறுபடி வெளியே.

“எங்க மெல்வின் இதவிட நல்லா போடுவாரு. அவருக்கு எழுபத்திரண்டு. இடுப்புல இரும்பு!”

மறுபடி வெளியே. இந்த முறை மண்ணில் குத்தி என் தொடையில் அடித்தது. ஹின்ஸ் சட்டையில் கையைத் துடைத்தான். துடைத்தான், திரும்பத் திரும்பத் துடைத்தான். கறுப்புத் துணியில் வெள்ளையாக, பந்து வழுக்காமல் இருக்கக் கையில் பூசும் ரோசின் மாவு அப்பிக்கொண்டது. அவன் முகம் இங்கிருந்தே வெளிறித் தெரிந்தது. கர்ட் மட்டையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். அவையும் வெளுத்துத்தான் இருந்தன. வாய்தான் கத்திக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே அளவுக்குப் பயந்துபோய் நிற்கிறார்கள், நடுவில் நான் கையுறையோடு.

அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. நான் இப்படி அரைமனதாக வைத்துக்கொண்டிருந்தால் பத்துப் பந்தும் முடியும், எதுவும் மாறாது. அதைவிட மோசம், இவன் பாதிப் பயத்தில் பாதி உள்ளே போட்டால்தான் பந்து தறிகெட்டுப் போகும். பயந்து போடுகிற பந்துதான் முகத்துக்கு வரும். தைரியமாகப் போட்டால் வைத்த இடத்துக்கு வரும்.

கையுறையை நகர்த்தினேன். கர்ட்டின் முட்டிக்கு மேலே, இடுப்புக்குக் கீழே, அவன் பேண்டை உரசுகிற இடத்தில் நிறுத்தினேன்.

ஹின்ஸ் அதைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். கிடங்குப் பக்கமிருந்து ஒரு டிராக்டர் சத்தம் வந்து, நின்றது. பிறகு ஹின்ஸ் காலைத் தூக்கினான்.

அவன் கை மேலே வந்த அந்த நொடியில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கேட்சர் செய்யவே கூடாதது அது. பத்து வருஷத்தில் ஒருநாளும் செய்ததில்லை. கண் மூடியதும் கை தானாக மேலே எழும்பியது, கர்ட்டின் முகத்தை மறைக்கிற மாதிரி. கையுறையை மட்டுமே பார்த்துப் போடுகிறவன் கையுறை போன இடத்துக்கே போட்டான்.

மறுபடி அந்தச் சத்தம். மட்டையும் இல்லை, கையுறையும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது கர்ட் மண்ணில் குப்புறக் கிடந்தான். ஹெல்மெட் தனியாக உருண்டுகொண்டிருந்தது. கண்ணாடியும் தனியாகக் கிடந்தது. நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. முகமூடியைப் பிய்த்தெறிந்துவிட்டு அவனைப் புரட்டினேன். கைகள் முகத்தை மூடியிருந்தன. அந்தக் கைகளை விலக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கடவுளே, இதற்குத்தான் என்னைக் கூப்பிட்டாயா என்று யாரிடமோ கேட்டேன், கர்ட்டிடமா கடவுளிடமா தெரியவில்லை.

அவனே விலக்கினான். வலது கண் திறந்திருந்தது. மண் ஒட்டி, தண்ணீர் கட்டி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சுதான் வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினான். அடி பட்டது தோளுக்குப் பின்னால், முதுகில்.

“பாத்தேன்,” என்றான் மூச்சு வந்ததும். “ஜானெல், பாத்தேன். நேரா வந்துச்சு. தையல் சுத்தறது தெரிஞ்சுது. நானே திரும்பினேன். திரும்பிக்கிட்டேன்!” சிரித்தான், வலியில் முனகினான், மறுபடி சிரித்தான். “அன்னிக்கு ஒண்ணுமே பாக்கல. இன்னிக்குப் பாத்தேன்.”

அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதேன். அடித்தேன் என்றும் சொல்லலாம். அடிபட்ட தோள் என்றுகூடப் பார்க்கவில்லை.

அழுகை அடங்கி நிமிர்ந்தபோது மேடு காலியாக இருந்தது. நீலத் தொப்பி வேலிக் கதவைத் தாண்டி வண்டி நிற்கிற பக்கம் போய்க்கொண்டிருந்தது. கையுறையை மேட்டின் மேலேயே போட்டுவிட்டுப் போயிருந்தான். கையுறையை விட்டுவிட்டுப் போகிற பிட்சர் எதற்காகப் போகிறான் என்பது எனக்குத் தெரியும். அந்த வண்டி கிளம்பிவிட்டால் அவன் இனி எந்த மேட்டிலும் ஏற மாட்டான். கர்ட்டும் இந்த மண்ணை விட்டு எழுந்து, மறுபடி அந்த எடை மேடையில் போய் உட்கார்ந்துவிடுவான், தன்னோடு சேர்த்து ஹின்ஸையும் கெடுத்துவிட்டோம் என்று.

“நோலன்!”

அந்தப் பெயரை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றான்.

“நான் கைய நகத்திட்டேன்,” என்று கத்தினேன். “கண்ண மூடிட்டேன். கை தூக்கிடுச்சு. நீ கிளவுஸுக்குத்தான் போட்ட. பந்துல தப்பு இல்ல, கேக்குதா? தப்பு என்கிட்ட.”

அவன் அசையவில்லை.

“அங்க என்ன நிக்கற? மறுபடியும் பார்க்கிங்லயேவா?”

அது அவனைச் சுட்டிருக்க வேண்டும். கதவை விட்டான். மெதுவாக உள்ளே வந்தான். கர்ட் அதற்குள் மட்டையை ஊன்றிக்கொண்டு எழுந்துவிட்டான். கண்ணாடியை எடுத்து என் சட்டை ஓரத்தில் துடைத்து நானே அவன் மூக்கில் மாட்டினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். தட்டுக்குப் பக்கத்தில் போய் அதே இடத்தில் நின்றான். ஒரு அங்குலம்கூட எட்டி நிற்கவில்லை, படுபாவி.

நான் முகமூடியை இழுத்துவிட்டு, கத்துகிற முட்டியை மடக்கிக் குந்தினேன். கையுறையை அவன் பேண்டை உரசுகிற இடத்தில் வைத்தேன். இடது கை அசையாமல் இருக்கும்படி பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“இன்னொண்ணு போடு,” என்றேன்.

நோலன் கையைத் துடைத்தான், ஒரே தடவை. காலைத் தூக்கினான். கை மேலே வந்தது. பந்து அவன் விரலை விட்டதைப் பார்த்தேன், சிவப்புத் தையல் சுற்றியதைப் பார்த்தேன், கர்ட்டின் வயிற்றை ஒட்டி வந்ததைப் பார்த்தேன். என் கையுறைக்குள் விழுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.